பதினெட்டு அடி

கல்லுவிளை
22.4.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கச்சி பெமிலா எழுதுகிறேன். இங்கே நானும் அவரும் சுகம். அங்கே நீயும் அத்தானும் மிஷன் விடுதிப் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? ஒடிசாவில் வெயில் ஆளைக் கொல்கிறது என்று பேப்பரில் போட்டிருந்தது. தலையில் துணி போடாமல் வெளியே இறங்காதே.

போன் இருக்கும்போது இவளுக்கு என்ன கடிதம் என்று நினைப்பாய். உன் மலையில் டவர் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரமும் இவர் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். பதிலை அஜிதா வீட்டு முகவரிக்குப் போடு. எனக்கு உதவிக்கு வருகிற பக்கத்து வீட்டுப் பெண்தான். இங்கே வந்தால் இவர் பிரித்து வீட்டு ஜெபக்கூட்டத்தில் வாசித்துவிடுவார். உன் போன கடிதத்துக்கு மூன்று பேர் அழுதார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை ஓட்டுப் போடப் போனேன். வழக்கம்போலச் சபை வாலிபர்கள் நான்கு பேர் வந்து, நாற்காலியோடு என்னைத் தூக்கி வாசலின் மூன்று படியையும் இறக்கினார்கள். சர்ச்சுக்கும் இப்படித்தான், கல்யாணத்துக்கும் இப்படித்தான். பைக்கிலிருந்து விழுந்த நாள் முதல் இந்த ஏழு வருஷத்தில் நான் தனியாக இந்த வாசலைத் தாண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் ஓட்டுச்சாவடிக்காகச் சிமெண்டில் சாய்தளம் கட்டியிருக்கிறார்கள். அந்த நால்வரில் லிபின் தள்ள வந்தான். வேண்டாம் மக்கா என்று சொல்லிவிட்டுச் சக்கரத்தை நானே உருட்டி ஏறினேன். உள்ளங்கை எரிந்தது. யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று கேட்காதே. அந்தச் சந்தோஷத்தில் எந்தப் பொத்தானை அழுத்தினேனோ!

வரிசையில் அந்தப் பள்ளித் தலைமையாசிரியை பிந்து டீச்சர் நின்றிருந்தார். விழுவதற்கு முன் நான் கணக்கு டீச்சராக இருந்தது அவருக்குத் தெரியும். நான் ஏறியதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வெளியே வந்ததும், "கணக்குக்கு ஆளில்ல டீச்சர். ஒன்பதும் பத்தும். கிளாஸ் கீழ்த்தளத்துலதான். ஜூன்ல வருவியளா?" என்று கேட்டார். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் அரை கிலோமீட்டர், நல்ல தார் ரோடு. நடுவில் இருப்பது நம் வீட்டு மூன்று படிகள் மட்டும்தான்.

அங்கே ஒரு சாய்தளம் கட்டித்தரச் சொல்லி இவருக்கு நீ ஒரு வார்த்தை சொல் அக்கா. அம்மா போனபிறகு என்னை வளர்த்தவள் நீ. உன் பேச்சை அவர் தட்டமாட்டார்.

அத்தானுக்கு என் அன்பு.

உன் தங்கச்சி,
பெமிலா


கோராபுட்
9.5.2024

கர்த்தருக்குள் பிரியமான தங்கச்சி பெமிலாவுக்கு,

அக்கா ஜெபகுமாரி எழுதுவது. அவருடைய கிருபையால் நாங்கள் அனைவரும் சுகமாயிருக்கிறோம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? முதுகில் புண் ஏதும் வரவில்லையே? இரவில் நன்றாகத் தூங்குகிறாயா?

உன் கடிதம் கண்டு சந்தோஷம். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற உன் ஆசை நல்ல ஆசைதான். ஆனால் அவசரப்படாதே. நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் உன் உடம்பு தாங்குமா? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சொன்னபடி கேட்பார்களா? இங்கே விடுதியில் அறுபது பிள்ளைகள் தினமும் காலை ஐந்து மணிக்கு உன் பெயரைச் சொல்லி முழங்காலில் நிற்கிறார்கள். தமிழ் தெரியாத பிள்ளைகள் பெமிலா ஆன்ட்டி நடக்க வேண்டும் என்று தமிழில் சொல்வதைக் கேட்டால் நீ அழுதுவிடுவாய்.

தம்பி குமாரதாஸைப் போல ஒரு கணவர் யாருக்குக் கிடைப்பார்? அவர் மனம் நோகும்படி ஒன்றும் செய்யாதே. கருவாடு கொடுத்தனுப்பாதே, எங்களுக்கு வேண்டாம்.

ஜெபத்துடன்,
அக்கா


கல்லுவிளை
21.5.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். முதுகு, தூக்கம், புண் எல்லாம் இருந்தது. படியைப் பற்றி ஒரு வரி இல்லை. மறந்திருப்பாய்.

பரவாயில்லை, நானே அவரிடம் சொல்லிவிட்டேன். பேப்பரை மடித்து வைத்தார். பிறகு எழுந்துபோய் அளவு நாடாவை எடுத்துவந்து படியை அளந்தார்! ஒரு படி ஆறு அங்குலம், மூன்று படிக்குப் பதினெட்டு அங்குலம். ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம் விட்டால்தான் ஆள் தானாக ஏற முடியும், ஆக பதினெட்டு அடி என்றேன். வாசலிலிருந்து அளந்து பார்த்தால் சப்போட்டா மரம் வரை வருகிறது. "பதினெட்டு அடி வேணும்னா பதினெட்டு அடி. கட்டித் தாறேன்" என்றார். நாராயணபெருமாள் கொத்தனார் திங்கட்கிழமை வருகிறார்.

அக்கா, அவர் கெட்டவர் இல்லை. முதல் வருஷம் அவர் எனக்குச் செய்ததை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவைத்தார். மலம் எடுத்தார். வண்டி ஓட்டியது தான்தான் என்ற உறுத்தல் அவருக்கு. ஆனால் அந்த ஒரு வருஷத்தை அவர் ஏழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மாதம் இரண்டு சபையிலாவது போய் மேடையேறி இதையே சாட்சியாகச் சொல்கிறார். இன்றைக்கும் என்னைக் குளிப்பாட்டிச் சோறூட்டுவதாகச் சொல்லும்போது, நான் முன்வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறேன். நானே பலகை வைத்துக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறி, நானே குளித்து, அவருக்கும் சேர்த்துச் சமைத்துவிட்டு வந்தவள்! அதையெல்லாம் இனி பெரிதாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை. பதினெட்டு அடி கிடைத்தால் போதும்.

சந்தோஷத்துடன்,
பெமிலா


கல்லுவிளை
12.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? உன் பதில் வரவில்லை. அங்கே மழை தொடங்கி ரோடு போய்விட்டதோ என்னவோ. இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை.

கொத்தனார் வந்தார். சிமெண்டும் ஜல்லியும் வந்து இறங்கின. சனிக்கிழமை சப்போட்டா மரம் வரை சுண்ணாம்பில் கோடும் போட்டாயிற்று. மறுநாள் ஞாயிறு. சர்ச் முடிந்து இவர் உன்னோடு பேசினார், அன்றைக்கு ஸ்பீக்கரில் போடவில்லை, கொல்லைப்பக்கம் போய்ப் பேசினார். நானும் என்னவோ குடும்ப விஷயம் என்று விட்டுவிட்டேன். திங்கட்கிழமை காலையில் கொத்தனாரை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். ஏன் என்று கேட்டேன், ஆபீசுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டார்.

அடுத்த ஞாயிறு சபையில் அதற்கும் சாட்சி சொன்னார். மைக்கில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எனக்க வீட்டு வாசல்ல ஒரு செங்கல்லக்கூட மாத்த மாட்டேன். எனக்க மனைவி ஒருநாள் அந்தப் படியில தன் காலால எறங்கி வருவா. சாய்தளம் கெட்டுனா அது அவிசுவாசம்." சபையே அல்லேலூயா என்றது. பெண்கள் பக்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து என் காலைத் தொட்டு ஜெபித்தார்கள். காலை, அக்கா. எனக்கு உணர்ச்சி இருக்கிற கையை யாரும் தொடவில்லை.

பள்ளிக்கூடம் பத்தாம் தேதி திறந்துவிட்டது. பிந்து டீச்சர் ஒரு மாதம் பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு நீங்கள் இரண்டு பேரும் என்ன பேசினீர்கள்? அவரிடம் நீ எனக்காகச் சொன்னாயா?

பெமிலா


கோராபுட்
1.7.2024

கர்த்தருக்குள் பிரியமான தங்கச்சிக்கு,

நீ சுகமாயிருக்கிறாயா? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? விடுதியில் மலேரியா. பதினோரு பிள்ளைகள் படுத்துவிட்டார்கள். அத்தான் அவர்களோடு அலைந்ததில் தலைசுற்றி ஒருநாள் உட்கார்ந்துவிட்டார். அதனால்தான் எழுதத் தாமதம்.

வேலையைப் பற்றிக் கவலைப்படாதே. இந்த வேலை போனால் இன்னொன்று வரும். தம்பி உன்மேல் வைத்திருக்கிற பாரத்தைப் புரிந்துகொள். பெண்ணுக்குப் பொறுமை வேண்டும். நீ நடப்பாய், இதை நான் சும்மா சொல்லவில்லை. அன்று நீயே சிரித்துக்கொள்வாய்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. போர்வை போட்டுப் படு.

அக்கா


கல்லுவிளை
19.7.2024

அக்காவுக்கு,

பிள்ளைகளுக்குக் காய்ச்சல் விட்டதா? அத்தானை ஒரு நல்ல டாக்டரிடம் காட்டு. நம்மூரில் ஜூலையில் போர்வை போட்டுப் படுக்கச் சொல்கிறாயே, என்ன எழுதுவது என்று தெரியாமல் எழுதியிருக்கிறாய்.

நான் பள்ளிக்கூடம் போனேன். நான்கு நாள். அஜிதாவின் கணவர் ஐயப்பன் கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிற சென்ட்ரிங் வேலை செய்கிறவர். இரண்டு நீளப் பலகை கொண்டுவந்து, இவர் சொசைட்டி ஆபீசுக்குக் கிளம்பியதும் படிமேல் சாய்த்துப் போட்டார். செங்குத்தாகத்தான் இருந்தது. "நீங்க எறங்குங்க டீச்சர், நாங்க பிடிச்சுக்கிடுகோம்" என்று அஜிதா முன்னால் நின்றாள், ஐயப்பன் பின்னால் பிடித்துக்கொண்டார். ரோட்டுக்கு வந்ததும் இரண்டு பேரையும் போகச் சொல்லிவிட்டு நானே உருட்டிக்கொண்டு போனேன். மீன்காரி நிறுத்தி எங்கே என்று கேட்டாள். வேலைக்கு என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி எத்தனை வருஷம் ஆயிற்று! பத்தாம் வகுப்பில் ஒரு பயல் முதல் நாள் என் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாம் நாள் வீட்டுப்பாடம் செய்யாததற்குத் திட்டினேன். மூன்றாம் நாள் மற்ற டீச்சர்களைப் பார்ப்பதுபோல என்னையும் பயந்து பார்த்தான்.

நான்கு நாளும் இவர் வருவதற்குள் என்னை வீட்டுக்குள் ஏற்றிவிட்டுப் பலகையை ஒதுக்கிவைத்தார்கள். ஐந்தாம் நாள் சபையில் யாரோ இவரிடம் சொல்லிவிட்டார்கள். இவர் சத்தம் போடவில்லை. படியில் உட்கார்ந்து அழுதார். "இவ்வளவு நாளா நான் சொன்னதெல்லாம் சும்மாவான்னு ஜனங்க கேக்க மாட்டாவளா?" என்றார். நீங்கள் கட்டித்தருவதாகச் சொன்னீர்களே, உங்களை யார் தடுத்தது என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னார்:

"ஒனக்க அக்காதான் வேண்டாம்னு சொன்னாவ. நான் கெட்டிக்குடுக்கத்தானே நெனச்சேன்."

பலகையை ஐயப்பன் எடுத்துக்கொண்டு போய்விட்டார். இவர் அவரைக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டாராம். இப்போது நான் உள்ளே இருக்கிறேன்.

நீயா சொன்னாய், அக்கா?

பெமிலா


கல்லுவிளை
2.9.2024

அக்காவுக்கு,

இங்கே இருவரும் உயிரோடு இருக்கிறோம். நீங்களும் அப்படியே என்று நினைக்கிறேன். ஆறு வாரமாகப் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் போனில் எனக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு உடனே தம்பியிடம் கொடு என்கிறாய்.

போன வாரம் பெண்கள் சங்கத்தில் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். நடப்பதைச் சொன்னேன். நானே குளிக்கிறேன், நானே சமைக்கிறேன், வெளியே இறங்க ஒரு வழி கேட்கிறேன், அது கிடைக்கவில்லை என்றேன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். பிறகு எனக்குள் கசப்பு புகுந்துவிட்டது என்று தலையில் கைவைத்து அரை மணி நேரம் ஜெபித்தார்கள். முடிந்ததும் இவருக்கு ஒரு டிபன் பாக்ஸில் ஆப்பமும் கறியும் கொடுத்துவிட்டார்கள். பாவம், இவளோடு எப்படித்தான் காலம் தள்ளுகிறாரோ என்று.

பிந்து டீச்சர் காலாண்டுப் பரீட்சை வரை பார்ப்பார். அதற்குமேல் அவரால் முடியாது.

பெமிலா


கோராபுட்
20.9.2024

பிரியமான பெமிலாவுக்கு,

உன்னிடம் மறைத்தது தப்பு. நான்தான் சொன்னேன்.

மெடிக்கல் காலேஜ் வராந்தாவில் டாக்டர் கையை விரித்த அன்று நான் ஒரு பொருத்தனை செய்தேன். நீ உன் சொந்தக் காலால் அந்த மூன்று படியில் இறங்கும் நாள் வரைக்கும் மீன் தொடமாட்டேன் என்று. இதுவரை தொடவில்லை. மீனில்லாமல் சோறு இறங்காத வீட்டில் பிறந்தவள் நான், உனக்குத் தெரியும். அத்தானுக்குச் சமைத்துக் கொடுத்துவிட்டு நான் மோர் ஊற்றிச் சாப்பிடுகிறேன். அறுபது பிள்ளைகளுக்கும் உன்னை விசுவாசத்துக்கு அடையாளமாகச் சொல்லி வளர்த்திருக்கிறேன். கர்த்தரிடம் படியைக் காட்டிக் கேட்டுவிட்டு, அதன்மேலேயே வேறு வழி போட்டால் அவர் என்ன நினைப்பார்? அவர் செய்யவேண்டியதை நாமே வேண்டாம் என்று சொன்னதாகாதா? தம்பியிடம் இதைச் சொன்னேன். அவர் அழுது ஒத்துக்கொண்டார்.

உன்னை இடுப்பில் வைத்துத் தூக்கி வளர்த்தவள் நான். நீ நாற்காலியில் ரோட்டில் தனியாகப் போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இதற்காக நீ என்னை வெறுத்தால் வெறுத்துக்கொள். அங்கேயே இரு. சுகமாக இரு.

அக்கா


கல்லுவிளை
7.10.2024

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. சுகம்.

நீ ஏழு வருஷம் மீன் சாப்பிடாமல் இருந்தது எனக்கு நிஜமாகவே வலிக்கிறது. என்னிடம் கேட்டிருந்தால் முதல் நாளே சாப்பிடச் சொல்லியிருப்பேன். என் காலுக்காக நீ மீனை விட்டாய், அவர் சாட்சி சொல்கிறார், அறுபது பிள்ளைகள் முழங்காலில் நிற்கிறார்கள். உங்கள் எல்லோருக்கும் வேண்டியது இரண்டு கால்கள். அதற்குமேல் இடுப்பிலிருந்து தலை வரைக்கும் ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கு முப்பத்தொன்பது வயது, அவளுக்கு அல்ஜீப்ரா நடத்தத் தெரியும். அவளை யாரும் நினைக்கவில்லை.

வேலைக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். பிந்து டீச்சர் வீட்டுக்கே வந்து சொன்னார். படி ஏறி வந்தார்.

பெமிலா


கோராபுட்
26.11.2024

என் பெமிலாவுக்கு,

நீ சுகமாயிருப்பாய். இரண்டு மாதமாக உனக்கு எழுத என்னால் முடியவில்லை. அத்தானுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. வலது பக்கம் முழுவதும் போய்விட்டது. பேச்சு குழறுகிறது. இருபது நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, இனி ஊருக்குக் கொண்டுபோய்ப் பயிற்சி கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். நமக்குச் சொந்தமென்று அங்கே உன் வீடுதானே இருக்கிறது. டிசம்பர் கடைசியில் வருகிறோம்.

அவரை நாற்காலியோடு தூக்குகிறார்கள் பெமிலா. நேற்று நான்கு பையன்கள் தூக்கும்போது வேட்டி விலகிவிட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். அறுபது பிள்ளைகள் ஐயா என்று எழுந்து நிற்கிற மனுஷன். என்னால் பார்க்க முடியவில்லை. வாசலில் அந்தச் சாய்தளத்தைக் கட்டிவைக்கும்படி தம்பியிடம் சொல்லிவிட்டேன். அவர் சரி என்றார்.

என்மேல் கோபம் இருந்தாலும் அத்தானுக்காக எங்களை ஏற்றுக்கொள்.

அக்கா


கல்லுவிளை
14.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானை நினைத்து இரண்டு நாள் அழுதேன். வாருங்கள். முன்னறையை ஒழித்து வைத்திருக்கிறேன். வரும்வரைக்கும் இதையெல்லாம் செய். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவை. இடது கையில் ஸ்பூனைக் கொடு, சிந்தினால் சிந்தட்டும், நீ ஊட்டாதே. ஆள் வந்தால் போர்வையை நீக்கிக் காலைக் காட்டாதே. அவரைக் கேட்காமல் நாற்காலியைத் தள்ளாதே. அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி மற்றவர்களிடம் பேசாதே. இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, எனக்கு நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

சாய்தளம் கட்டியாயிற்று. மூன்றே நாள். பதினெட்டு அடி, இரண்டு பக்கமும் இரும்புக் கைப்பிடி, வழுக்காமல் இருக்கத் துடைப்பத்தால் கோடு இழுத்துவிட்டிருக்கிறார் நாராயணபெருமாள். ஒரு தேவ ஊழியருக்காக வாசலைச் செம்மையாக்கியதாக ஞாயிற்றுக்கிழமை இவர் சாட்சி சொன்னார். சபை அதற்கும் அல்லேலூயா சொன்னது. அவிசுவாசம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. நானும் காத்திருந்து பார்த்தேன்.

சிமெண்ட் காய்ந்ததும் நான் தனியாக இறங்கினேன். யாரும் பிடிக்கவில்லை. பள்ளிக்கூட வாசல் வரைக்கும் போனேன். புது சார் பத்தாம் வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தார். நன்றாகவே நடத்தினார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஒன்று கேட்கிறேன், போனில் வேண்டாம், கடிதத்திலேயே பதில் எழுது. எனக்கு ஏழு வருஷம் வைத்திருந்தாயே, அந்த விசுவாசம் அத்தானுக்கு ஒரு மாதம்கூட ஏன் உன்னிடம் இல்லை?

அத்தானுக்கு என் அன்பைச் சொல்.

பெமிலா